த்ரூபுட்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

திருநகர், செவ்வாய் காலை

எல்லாருக்கும் வணக்கம். ரவுட்டர் செயலி ஒன்று தமிழாக்கத்துக்கு வந்திருக்கிறது. வெள்ளி மாலை ஒப்படைக்க வேண்டும். ஒரே திரையில் மேலும் கீழுமாக இரண்டு வரிகள்: 'லிங்க் ஸ்பீடு' (link speed), 'த்ரூபுட்' (throughput, உண்மையில் வந்து சேரும் வேகம்). பழைய பதிப்பில் இரண்டுக்கும் 'வேகம்' என்றே போட்டிருக்கிறார்கள். மேலே வேகம் 866, கீழே வேகம் 480 (இரண்டும் எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட்). இதில் எது பொய் என்று பார்ப்பவர் கேட்கத்தானே செய்வார்? அடுத்த பக்கத்தில் 'கம்பியைவிட வைஃபை ஏன் மெதுவாக இருக்கிறது' என்றொரு உதவிக்குறிப்பு. அது முழுக்க இந்த இரண்டாவது சொல்லை நம்பித்தான் நிற்கிறது. பெட்டியில் 12 எழுத்துக்குத்தான் இடம். ஒற்றும் கணக்கில் சேரும், இடைவெளியும் சேரும்.

தல்லாகுளம், செவ்வாய் பகல்

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் விடை தெரியும் அம்மா. முன்பாதி 'ஊடு', பின்பாதி 'இடு'. 'ஊடிடு' என்று வைத்தால் கரடுமுரடாக இருக்கிறது. ஆகவே 'ஊடுவிரைவு'. 'வேகம்' வடசொல், 'விரைவு' நம்முடையது. ஊடுருவல், ஊடகம், ஊடுபயிர் எல்லாம் மக்கள் நாவில் ஏறிவிட்டன. இதுவும் ஏறும்.

கே.கே.நகர், செவ்வாய் பகல்

ஐயா, ஊடுபயிர் சரி. 'ஊடுவிரைவு' என்றால் யாரோ சீக்கிரம் கோபித்துக்கொள்கிறார் என்றுதான் எனக்குப் படிக்கிறது. காமத்துப்பால் கடைசி அதிகாரமான ஊடலுவகையை ரவுட்டருக்குள் கொண்டுவர வேண்டாம். 'த்ரூபுட்' என்றே எழுதிவிடுங்கள். ரவுட்டரை ரவுட்டர் என்றுதானே சொல்கிறோம்?

செல்லூர், செவ்வாய் இரவு

முதலில் பொருளை முடிவு பண்ணிக்கொண்டு சொல்லுக்குப் போவோம்.

866 பொய்யில்லை. ஏசி (802.11ac) வகை வைஃபை, இரண்டு ஆண்டெனா உள்ள ஃபோன், 80 மெகாஹெர்ட்ஸ் அகலம், ரவுட்டர் கண்ணெதிரே. இந்த நிலையில் ஒரு பொட்டலம் (பாக்கெட், தரவின் ஒரு துண்டு) காற்றில் பறக்கும் கணத்தில் பிட்டுகள் போகும் வேகம் அது. ஆனால் பறக்கிற கணம் கொஞ்சம், காத்துக்கிடக்கிற கணம் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். அனுப்பும் முன் காற்று சும்மா இருக்கிறதா என்று குறைந்தது 34 மைக்ரோவினாடி கேட்க வேண்டும். அதற்குமேல் சீட்டுக் குலுக்கல்: 0 முதல் 15 வரை ஓர் எண், எண்ணுக்கு 9 மைக்ரோவினாடி காத்திருப்பு. இரண்டும் சேர்ந்து சராசரியாக 100 ஆகிவிடும். 1500 பைட் பொட்டலம் என்பது 12,000 பிட். 866இல் அது 14 மைக்ரோவினாடியில் போய்விடும். 14க்காக 100 காத்திருக்கிறோம்! போய்ச் சேர்ந்ததும் 16 மைக்ரோவினாடி விட்டு எதிர்முனை 'வந்தது' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை குலுக்கல் 0 முதல் 31 வரை. இதற்காகத்தான் பல பொட்டலங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள். கட்டாவிட்டால் 480 அல்ல, 100கூடத் தேறாது.

கம்பியில் இந்த வம்பு இல்லை. கிகாபிட் லேன் கேபிளில் நான்கு ஜோடியும் இரு திசையிலும் ஒரே நேரத்தில் ஓடும். 1500 பைட்டுக்கு 38 பைட் மேல்செலவு. பொட்டலத்துக்கு உள்ளே இருக்கும் தலைப்புகளும் (ஹெடர்) கழிந்தால் 1000இல் 941 நிற்கும்.

ஆக நமக்கு வேண்டியது 'ஊடே போவது' அல்ல. பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வந்தது.

மேலூர், புதன் காலை

தம்பி சொன்னது அப்படியே முறைப்பாசனம். கால்வாய் ஒன்று, வயல் பல. ஒருத்தர் பாய்ச்சும்போது அடுத்தவர் மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். மதகில் அளந்தது வேறு, வயலில் ஏறியது வேறு. பெரியாறு கால்வாய் தொடங்கும் பேரணையில் எத்தனை கன அடி திறந்தாலும் கள்ளந்திரி வரைதான் இருபோகம். அதைத் தாண்டி எங்கள் பக்கம் ஒருபோகம். எனவே 'கடைமடை வேகம்'. எட்டு எழுத்து, பெட்டியில் தாராளமாக அடங்கும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மந்தமான ஒரு கருவி எல்லாரையும் இழுக்கும். மூன்றாவது அறையில் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பழைய ஃபோன் 6 எம்பிபிஎஸ்ஸில் பேசினால், அதே 12,000 பிட்டுக்கு 2 மில்லிவினாடி பிடிக்கும். அந்த நேரத்தில் பக்கத்து ஃபோன் நூற்று நாற்பது பொட்டலம் தள்ளியிருக்கும். வாய்க்காலை அடைத்துக்கொண்டு சட்டி சட்டியாக மொள்ளுகிறவன் மாதிரி. ஒரு கருவி காற்றைப் பிடித்துவைத்திருக்கும் நேரத்துக்குத் தனிச் சொல் வேண்டும்: 'முறைநேரம்'.

தல்லாகுளம், புதன் பகல்

'மடை' அருமையான சொல். மடுத்தல் என்பதிலிருந்து வந்தது. மடைப்பள்ளியும் அதே வேர். மடையர் என்றால் பழைய வழக்கில் சமையற்காரர், மடைநூல் சமையல் நூல். வெள்ளத்தில் மூழ்கி மடை திறந்தவரையே மடையன் என்றார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

மேலூர், புதன் பகல்

கடைசி வரி மட்டும் வேண்டாம் ஐயா. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திட்டுவதற்கு 'மடமை' பக்கத்திலேயே இருக்கும்போது கண்மாய்க்குள் குதித்து வேர் தேட வேண்டியதில்லை. மற்றபடி கடைமடைக்கு உங்கள் வாக்கு விழுந்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

கே.கே.நகர், புதன் மாலை

அண்ணே, நாளிதழில் 'கடைமடை' என்று வந்தால் அடுத்த சொல் என்ன? 'தண்ணீர் வரவில்லை'. அந்தச் சொல்லே ஒரு புகார் மனு. கம்பியில் 941 வரும்போதும் 'கடைமடை வேகம்: 941' என்று காட்டினால், ஏதோ குறை என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். மாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு அந்தப் புகாரும் புரியாது.

திருநகர், வியாழன் காலை

அக்கா சொல்வதும் நியாயம். வினைத்தொகையாக 'சேர்வேகம்' போட்டால்? ஊறுகாய், சுடுசோறு மாதிரி: சேர்ந்த, சேர்கின்ற, சேரும் வேகம். அந்த எண் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருப்பதால் மூன்று காலமும் பொருந்துகிறது. மேல் வரிக்கு 'இணைப்பு வேகம்' என்று வைத்திருக்கிறேன்.

செல்லூர், வியாழன் காலை

கெட்டது! இணைவதும் சேர்வதும் ஒன்றுதானே? மேலே இணைப்பு, கீழே சேர். பழைய 'வேகம், வேகம்' கதைதான் திரும்பி வரும்.

மேலூர், வியாழன் பகல்

அப்படியானால் மேல்வரி 'விடுவேகம்'. விட்டது, சேர்ந்தது. விட்டதெல்லாம் சேராது என்பது இரண்டையும் பக்கத்தில் பார்த்தாலே விளங்கும். கடைமடையை உதவிக்குறிப்பில் ஓர் உவமையாகவாவது விட்டுவையுங்கள்.

தல்லாகுளம், வியாழன் மாலை

அமைப்பு பிழையற்றது. விடுகதை, விடுமுறை என முன்னோடிகளும் உண்டு. ஆனால் 'விடுவிரைவு', 'சேர்விரைவு' என்றிருக்க வேண்டும். வடசொல்லுக்குத் தொல்காப்பியர் இடம் கொடுத்தார், மறுக்கவில்லை. வீட்டில் இருப்பது போதாதபோதுதானே கடன் வாங்க வேண்டும்?

கே.கே.நகர், வியாழன் மாலை

ஐயா, பள்ளி இயற்பியலில் வேகம், திசைவேகம் என்று படித்து வளர்ந்த தலைமுறைகள் இருக்கின்றன. அதை இந்தப் பெட்டிக்குள் வைத்துத் திருத்த முடியாது. என் வாக்கு இன்னும் 'த்ரூபுட்'டுக்குத்தான். தோற்றாலும் பரவாயில்லை.

திருநகர், வெள்ளி காலை

நேரமில்லை. விடுவேகம், சேர்வேகம் என்று போடுகிறேன். மூவர் சரி என்றீர்கள் (அதில் ஒருவர் 'விரைவு' வேண்டும் என்ற நிபந்தனையோடு), ஒருவர் இல்லை. உதவிக்குறிப்பு இப்படிப் போகிறது, பிழை இருந்தால் மதியத்துக்குள் சொல்லுங்கள்:

"சேர்வேகம் எப்போதும் விடுவேகத்தைவிடக் குறைவு. வைஃபையில் பாதிக்குச் சற்று மேல் வந்தாலே நல்ல நிலை. காற்று ஒரே கால்வாய். வீட்டுக் கருவிகளும் பக்கத்து வீட்டு ரவுட்டரும் முறை வைத்துத்தான் பேச முடியும். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலோ பீரோ மேலோ வைக்காமல் நடு அறையில், ஆள் உயரத்தில் வையுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் 5 கிகாஹெர்ட்ஸை அதிகம் விழுங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் தடம் (சேனல்) 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டிவி, மேசைக் கணினி போல இடம் மாறாதவற்றைக் கம்பியில் இணையுங்கள்."

செல்லூர், வெள்ளி பகல்

இரண்டு விடுபாடு. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4இல் அளந்து பார்க்காதீர்கள் என்று ஒரு வரி வேண்டும், அதுவும் அதே அலைவரிசைதான். அடுத்தது, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் ஒற்றை அலைவரிசை ரிப்பீட்டர் வாங்கினால் சிக்னல் கோடு நிறையும், சேர்வேகம் பாதியாகும். ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு தடவை போகிறதல்லவா?

கம்பிக்கும் ஒரு வரி சேருங்கள். கிகாபிட் கேபிளில் 94க்கு மேல் ஏறாவிட்டால் முதலில் கேபிள் முனையைப் பாருங்கள். எட்டு இழையில் ஒன்று சரியாகப் பதியாவிட்டாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடலாம். முனையை வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்ய (இழைகளை முனைக்குள் அழுத்திப் பதிக்க) வேண்டும். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துவிடுவதுதான் வழக்கமான தப்பு.

தல்லாகுளம், வெள்ளி பகல்

'கிரிம்ப்' என்பதற்கு 'நெரித்தல்' பொருந்துமா? 'கவ்வுதல்' இன்னும் நெருக்கம் என்று படுகிறது. 'கவ்' என்பதன் வேரைப் பற்றி மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

திருநகர், வெள்ளி பகல்

ஐயா, ஆறு மணிக்குப் பிறகு எழுதுங்கள்.