கல்யாணத்துக்கு முன்னால் ஃபில்லர் ஊசி: நான் இதற்கு ஏற்ற ஆளா?

மார்த்தாண்டம்_28

வயது 28, ஊர் மார்த்தாண்டம் பக்கம். ஷார்ஜாவில் வேலை, இப்போது லீவில் வந்திருக்கிறேன். தை மாதம் கல்யாணம். ஆணுறுப்பு சின்னது என்கிற எண்ணம் பள்ளிக்கூட நாளிலிருந்தே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. ஊசியில் ஃபில்லர் (தோலுக்கடியில் நிரப்பும் பொருள்) போட்டால் பருமன் கூடும், நீளத்துக்கு ஒரு சின்ன ஆபரேஷன் போதும் என்று திருவனந்தபுரத்தில் ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். எல்லாம் வாட்ஸ்அப் பேச்சுதான், யாரும் பரிசோதிக்கவில்லை. அட்வான்ஸ் கட்டினால் தேதி தருவார்களாம்.

இழுத்து அளந்தால் பதினொன்றரை செ.மீ. வருகிறது. உயரம் 170, எடை 96 கிலோ. காலையில் விறைப்பு சரியாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, நான் இதுவரை பார்த்ததில்லை. குளிக்கப் போகும்போதெல்லாம் ஸ்கேலும் கையுமாகப் போகிறேன். ரூமில் ஆள் இருந்தால் சட்டை மாற்றக்கூட மாட்டேன். வீட்டில் யாரிடம் சொல்வது? தெரிந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

குழித்துறை_நர்ஸ்

தம்பி, நான் ஆண் நர்ஸ். களியக்காவிளை தாண்டி தினமும் திருவனந்தபுரம் போய்வருகிறேன், யூராலஜி (சிறுநீர், ஆணுறுப்புப் பிரச்சினைகளைப் பார்க்கும் பிரிவு) ஓ.பி.யில் வேலை. டாக்டர் இல்லை, ஆனால் உன்னைப் போல வருகிறவர்களை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். ‘நான் ஏற்ற ஆளா’ என்று நீ கேட்டிருக்கிறாய். அந்த கிளினிக் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். ஆளைப் பார்க்காமல் தேதி கொடுக்கிறார்கள் என்றதும் எனக்கு வயிறு எரிகிறது.

முதலில் அளவு. ஓ.பி.யில் படுக்கவைத்து, உறுப்பை மெதுவாக முழுக்க இழுத்து, ஸ்கேலின் முனையை அடிவயிற்றுக் கொழுப்புக்குள் அழுத்தி, எலும்பில் முட்டவைத்து, அங்கிருந்து நுனிவரை அளப்பார்கள். தோல்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் 96 கிலோ ஆளுக்குக் கணக்கு குறைந்துதான் காட்டும். ஒருவர் தையல் டேப்போடு வந்தார். அளந்த இடமெல்லாம் பேனாக்கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் தேதி. டாக்டர் அளந்து சொன்ன எண்ணை அவர் நம்பவே இல்லை. டாக்டர் ஊசியைப் பற்றிப் பேசவில்லை, மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார்.

டேவிட் வீல் குழு 2015இல் பல நாட்டு அளவுகளைச் சேர்த்து வெளியிட்ட ஆய்வில், 15,521 ஆண்கள் வரை கணக்கில் வருகிறார்கள். இழுத்த நிலையில் சராசரி 13.24 செ.மீ., விறைத்த நிலையில் 13.12. அந்தக் கணக்குப்படி நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் உனக்குக் கீழே பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். அதுவும் நீ தோல்மேல் வைத்து அளந்த கணக்குக்கு. நீள ஆபரேஷனை யோசிக்கலாம் என்று 1996இல் அமெரிக்க யூராலஜி டாக்டர்கள் சொன்ன வரம்பு, இழுத்த அளவு 7.5 செ.மீ.க்குக் கீழே. நீ அதற்கு ரொம்ப மேலே இருக்கிறாய்.

நீளத்துக்கான அந்தச் ‘சின்ன’ ஆபரேஷன் என்னவென்று கேட்டாயா? உறுப்பை இடுப்பெலும்போடு பிடித்து வைத்திருக்கும் தசைநாரை அறுத்துவிடுவார்கள். தொங்கும்போது கொஞ்சம் நீளமாகத் தெரியும். விறைத்தால் நீளம் கூடாது. பிடிப்பு போனதால் விறைப்பு நிலையாக நிற்காமல் ஆடலாம், கோணமும் இறங்கலாம். புண் ஆறும்போது தழும்பு உள்ளே இழுத்து, முன்பிருந்ததைவிடக் குறைந்துபோனதும் உண்டு. இந்த ஆபரேஷனும், கொழுப்பு ஊசியில் பருமனாக்குவதும் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று நிரூபிக்கப்படவில்லை என்பது அமெரிக்க யூராலஜி சங்கத்தின் நிலை.

பாறசாலை_பைக்

உடம்பு அவருடையது, காசும் அவருடையது. மூக்கைச் சரிசெய்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை, இதற்கு மட்டும் ஏன் இத்தனை விசாரணை? ஆபரேஷன் வேண்டாம், சரி. ஃபில்லர் மட்டும் போட்டால் என்ன?

குழித்துறை_நர்ஸ்

உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை அண்ணே. மூக்குக்கும் நல்ல டாக்டர் விசாரித்துத்தான் கத்தியை எடுப்பார்.

ஃபில்லர் எல்லாம் ஒன்றல்ல. ஹயலூரானிக் அமிலம் என்றால் மாதக்கணக்கில் கரைந்துபோகும், திரும்பப் போட வேண்டும். கட்டி தட்டினால் கரைக்க மாற்று ஊசியாவது இருக்கிறது. நிரந்தர ஃபில்லர், சிலிக்கான் எண்ணெய், பாரஃபின் எல்லாம் உள்ளே போனால் கரைக்க வழியில்லை. எண்ணெய் ஏற்றிக்கொண்டு வந்த ஒருவருக்கு நான் டிரெஸ்ஸிங் பண்ணியிருக்கிறேன். தோல் மரக்கட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது. அதை வெட்டியெடுத்து, தொடைத் தோலை எடுத்து வைத்துத் தைத்தார்கள்.

அதனால்தான் ஆளைப் பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் கிருமித் தொற்று சுலபமாக வரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், அந்த இடத்தில் புண் உள்ளவர், வளைவோ விறைப்புக் கோளாறோ உள்ளவர், இவர்களுக்கெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். முன்தோல் உள்ளவருக்கு ஃபில்லர் தோலுக்குள் நகர்ந்து வீங்கி, தோல் பின்னால் போகாமல் மாட்டிக்கொள்ளலாம். கிளினிக்கில் இதையாவது கேட்டார்களா தம்பி?

உண்மையிலேயே சிகிச்சை வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பிறவியிலேயே மிகச் சிறியதாக இருப்பவர்கள், விபத்திலோ புற்றுநோய் ஆபரேஷனிலோ இழந்தவர்கள், கொழுப்புக்குள் உறுப்பு முழுக்கப் புதைந்து போனவர்கள். அவர்களுக்குச் செய்யும்போது நானும் சந்தோஷமாகத்தான் கூட நிற்பேன்.

தக்கலை_அக்கா

பெண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை, எழுதுகிறேன். 2006இல் வந்த ஒரு பெரிய கருத்துக்கணிப்பில், துணையின் அளவு போதும் என்றவர்கள் பெண்களில் 85 சதவீதம். தன் அளவு போதும் என்றவர்கள் ஆண்களில் 55 சதவீதம்தான். ஊசி போட்டால் சில வாரம் சேரக்கூடாது என்பார்கள். தையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் என்ன காரணம் சொல்லுவாய் தம்பி?

மார்த்தாண்டம்_28

அண்ணே, அக்கா, நன்றி. நேற்று கிளினிக்குக்கு போன் போட்டு என்ன ஃபில்லர், எந்த டாக்டர் என்று கேட்டேன். ‘அதெல்லாம் வந்தபின் பேசலாம், ஆஃபர் இந்த வாரம்தான்’ என்றார்கள். அட்வான்ஸ் கட்டவில்லை. சர்க்கரை பார்த்தேன், வெறும் வயிற்றில் 118. அப்புறம், பஸ் ஸ்டாண்ட் சுவர் போஸ்டரில் ஒரு லேகியம் போட்டிருக்கிறதே, அதையாவது பார்க்கலாமா?

குழித்துறை_நர்ஸ்

வேண்டவே வேண்டாம். அந்த மாதிரி விளம்பரத்தையே 1954ஆம் வருஷச் சட்டம் தடை செய்திருக்கிறது. லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

118 என்பது சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தைய படி. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடு. இப்போதே எடையைக் குறைத்தால் சர்க்கரையும் இறங்கும், அடிவயிற்றுக் கொழுப்பு வற்றி உள்ளே மறைந்திருப்பதும் வெளியே தெரியும். ஊசி இல்லாமல் கிடைக்கிற நீளம் அதுதான்.

எனக்கு அதைவிடக் கவலை அந்த ஸ்கேல். ஆள் முன்னால் சட்டை மாற்ற முடியவில்லை என்கிறாய். இத்தனை வருஷம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாய். இந்த நிலையில் ஊசி போட்டாலும் ஸ்கேல் கையைவிட்டுப் போகாது, அடுத்த ஊசியைத் தேடுவாய். 14416க்கு போன் பண்ணு. டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பெயர் சொல்லக் கூச்சமாக இருந்தால் பிரச்சினையை மட்டும் சொல். பிறகு ஒரு யூராலஜி டாக்டரிடம் நேரில் போய் ஒரே ஒரு தடவை முறையாக அளந்துகொள். ரிசல்ட் பேப்பரை மறக்காமல் கொண்டு போ. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு, எந்த ஓ.பி., எந்தக் கிழமை என்று சொல்கிறேன். திங்கள் மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கூட்டம் தாங்காது.