முதல் கோல்ஃப் செட் வாங்கியபோது நடந்தது: மலையகத்தில் ஆடத் தொடங்கியவர்கள் எழுதுங்கள்

பனிக்காலை, நுவரெலியா

என் அப்பா நுவரெலியா கோல்ஃப் கிளப்பில் இருபத்தாறு வருஷம் கெடியாக வேலை செய்தவர். 1889இல் தொடங்கிய மைதானம் அது. விடியற்காலையில் தோட்டத்திலிருந்து இறங்கிப்போய், யாரோ ஒருவருடைய பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு 18 குழியும் நடந்துவிட்டு வருவார். நான் மட்டையைப் பிடித்தது முப்பத்தாறு வயதில், போன வருஷம்தான். எங்கள் பக்கத்திலிருந்து இப்போது கொஞ்சப் பேர் ஆட வந்திருக்கிறோம். முதல் செட் வாங்கியபோது நடந்ததை அவரவர் எழுதினால், அடுத்து வருகிறவர்களுக்குக் காசு மிஞ்சும். நானே தொடங்குகிறேன்.

கொழும்பில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று செட்டை அப்படியே விற்றார். பேக்கோடு 14 மட்டைகள். விதிப்படி ஒரு ஆட்டத்துக்கு 14 வரைதான் கொண்டுபோகலாம். அந்த எண்ணைக் கேள்விப்பட்டு, 14 இருந்தால்தான் ஆடவே முடியும் என்று நினைத்திருந்தேன். மெல்லிய உலோகத் தலை வைத்த, அயர்ன் என்கிற பளபளப்பான மட்டைகள். தண்டு, அதாவது ஷாஃப்ட், இரும்பு; அதில் 'ஸ்டிஃப்' (லேசில் வளையாதது) என்று எழுதியிருந்தது. சேமித்ததையெல்லாம் கொடுத்து வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

ஒரு மாதம் அடித்தேன். பந்து இடப்பக்கம் மரங்களுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஜனவரிக் குளிரில் பந்து மட்டையின் நடுவில் படாவிட்டால் விரல் நுனி வரை சுள்ளென்று ஏறும். பழக்கம் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக வீசினேன். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

அப்பா அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் பலகை ஒன்றைப் போட்டார். 7ஆம் எண் அயர்னின் அடிப்பாகத்தில் டேப் ஒட்டி, பலகை மேல் நின்று பந்து இல்லாமல் வீசச் சொன்னார். மட்டை பலகையை உரசியதும் வாங்கித் திருப்பிக் காட்டினார். டேப் ஒரே பக்கம், ஷாஃப்டை ஒட்டிய குதிப் பக்கம் மட்டும் கிழிந்திருந்தது. "மட்டை உனக்கு நீளம். குதி தரையில குத்துது, மூக்கு மேல தூக்குது. அப்ப மட்டையோட முகம் இடப்பக்கம் பாக்கும். நீ எவ்வளவு பழகினாலும் பந்து அங்கதான் போகும்" என்றார். நான் ஐந்தடி மூன்று அங்குலம். செட்டை விற்றவர் ஆறடி.

அப்புறம் என்னை நேராக நிற்க வைத்து, மணிக்கட்டிலிருந்து தரை வரை தையல் டேப்பால் அளந்தார். உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது, கை நீளமும் சேர்ந்துதான் மட்டையின் நீளத்தைத் தீர்மானிக்கும் என்றார். ஸ்டிஃப் ஷாஃப்ட் வேகமாக வீசுகிறவர்களுக்கானது; அது வளைய வேண்டிய நேரத்தில் வளைய என் வீச்சின் வேகம் போதாது. மெல்லிய தலையும் நன்றாக ஆடுகிறவர்களுக்குத்தான். புதிதாக வருகிறவர்களுக்கு முதுகில் குழிவு உள்ள அயர்ன் வேண்டும். அதில் எடை ஓரங்களுக்குப் போயிருப்பதால், பந்து கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது.

செட்டை நஷ்டத்தில் விற்றேன். இப்போது என் பேக்கில் இருப்பது ஐந்து: தூரம் அடிக்க ஒரு ஹைபிரிட், 7 அயர்ன், 9 அயர்ன், கிட்டத்தில் பந்தை உயரத் தூக்கிப் போட 56 டிகிரி சாண்ட் வெட்ஜ், குழிக்குள் உருட்ட பட்டர். மிக அதிக தூரம் அடிக்கிற டிரைவர் மட்டை இல்லை. நுவரெலியா மைதானத்தில் ஆடியவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள், நடுவில் ஒடுங்கிய புல்வழி. அங்கே தூரத்தைவிட நேராகப் போவதுதான் பெரிது. வெட்ஜ் எடுக்கும்போது மட்டும் அப்பா நிறைய நேரம் எடுத்தார். அடிப்பாகம் உருண்டு தடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அந்தத் தடிப்புக்கு பவுன்ஸ் என்று பெயர். எங்கள் மண் பாதி வருஷம் ஈரம். பவுன்ஸ் குறைந்த வெட்ஜ் மண்வெட்டி மாதிரி உள்ளே இறங்கிவிடும்.

அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஆடுறவங்க பந்தைப் பாப்பாங்க. நாங்க மட்டையத்தானே தொடச்சோம்" என்றார்.

கொழுந்துமலை, ஹட்டன்

அண்ணா, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் தாத்தாவும் அங்கே பேக் தூக்கியவர்தான்.

நான் வங்கியில் வேலை செய்கிறேன். பாடசாலைக் காலத்தில் வலைப்பந்து ஆடியதால் தோளில் பலம் உண்டு, உயரம் ஐந்தடி ஏழு. கடையில் நுழைந்ததும் நேராகப் பெண்களுக்கான செட் பக்கம் கூட்டிப் போனார்கள். வேறு எதையும் கையில் எடுத்துக் கொடுக்கவே இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, வாங்கிவிட்டேன். பெண்களுக்கான மட்டைகள் பொதுவாக ஒரு அங்குலம் குட்டை, ஷாஃப்டும் அதிகம் வளையும். நான் வீசினால் மட்டையின் தலை எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியவில்லை. ஒரு தரம் உயரப் போகும், அடுத்த தரம் இடப்பக்கம் சுருளும்.

திகனவில் ஒரு பயிற்சியாளரிடம் போனேன். அவர் விலை, நிறம் எதையும் பேசவில்லை. நான்கு விதமான 7 அயர்ன்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றார். ஆண்களுக்கான ரெகுலர் (நடுத்தரமாக வளையும்) கிராஃபைட் ஷாஃப்டில் ஏழாவது பந்து நேராகப் போனபோது, இதுதான் என்று எனக்கே தெரிந்துவிட்டது. கிராஃபைட் இரும்பைவிட லேசு, அதிர்வும் குறைவாகக் கைக்கு வரும். தங்கச்சிமார் யாராவது தொடங்குவதென்றால், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். அடித்துப் பார்க்க விடாத இடத்தில் வாங்காதீர்கள்.

கிளவுஸ் பற்றியும் ஒரு வார்த்தை. வலக்கைக்காரர்கள் இடக்கையில் போடுவார்கள். தோல் கிளவுஸ் மழையில் நனைந்து காய்ந்தால் அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. நான் இப்போது மழைக்கென்றே செய்த துணி கிளவுஸ் ஒரு சோடி பேக்கில் வைத்திருக்கிறேன்.

ஆற்றங்கரை, திகன

ரஜவெல்லவில் விக்டோரியா மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறந்தது, கீழே நீர்த்தேக்கம். நான் பணத்தை விட்டது பந்தில்.

பெரிய வீரர்கள் அடிக்கிற பந்துதான் நல்லது என்று யூரிதேன் (ஒரு வகை மென்மையான பிளாஸ்டிக்) உறை போட்ட பந்து ஒரு டஜன் வாங்கினேன். முதல் நாளே ஏழு தொலைந்தது. எல்லாப் பந்தும் ஒரே விதிக்குள்தான் வருகிறது: விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. வித்தியாசம் உறையிலும் உள்ளடுக்கிலும் இருக்கிறது. மெல்லிய யூரிதேன் உறை, வெட்ஜால் அடிக்கும்போது நன்றாகச் சுழன்று கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) நிற்கும். அந்தச் சுழற்சியை வரவழைக்கத் தெரியாத எனக்கு அதனால் என்ன பலன்? இப்போது கெட்டி உறை போட்ட இரண்டடுக்குப் பந்துதான். கல்லில் பட்டாலும் லேசில் வெட்டுப்படாது.

இன்னொன்று. நுவரெலியாவுக்கு ஆடப் போனபோது, திகனவில் கிரீனில் விழுகிற அதே 7 அயர்ன் அடி அங்கே கிரீனைத் தாண்டி விழுந்தது. ஆறாயிரம் அடி உயரத்தில் காற்று மெல்லிசு, பந்தை அவ்வளவாகப் பிடித்து இழுக்காது. குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், அப்படியும் மிச்சம் இருக்கும். அதனால் ஒரே மைதானத்தில் அளந்த தூரத்தை நம்பி எந்தெந்த மட்டை வாங்குவது என்று முடிவு செய்யாதீர்கள்.

இடக்கை, தலவாக்கலை

சுருக்கமாக. இடக்கைக்காரர்களுக்குப் பழைய மட்டை கிடைப்பது மிகக் கஷ்டம். எட்டு மாதம் தேடினேன். ஆனால் தேடுவதற்கு முன்னால், நண்பரின் வலக்கை மட்டையை வாங்கி ஒரு நாள் அடித்துப் பாருங்கள். இடக்கையால் எழுதுகிற எல்லாரும் இடக்கையால்தான் வீசுவார்கள் என்றில்லை. என் அண்ணன் அப்படித்தான், எழுதுவது இடக்கை, ஆடுவது வலக்கை.

மூடுபனி, பண்டாரவளை

இதை எழுத இன்னும் கை நடுங்குகிறது. இணையத்தில் பிரபலமான பெயர் போட்ட அயர்ன் செட்டைப் பாதி விலைக்கு வாங்கினேன். மூன்றாம் வாரம் புல்வெளியில் பழகும்போது 6 அயர்னின் தலை கழன்று பறந்தது. என் மகள் பின்னால் நின்றிருந்தாள். அது முன்பக்கமாகப் போனதால் தப்பினோம்.

போலி என்று பிறகுதான் புரிந்தது. தெரிந்த ஒருவரின் அசலை வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தலையும் ஷாஃப்டும் சேருமிடத்தில் கறுப்பு வளையம் சரியாக ஒட்டாமல் இடைவெளி இருந்தது. பசை வழிந்து காய்ந்திருந்தது. எழுத்தின் பெயிண்ட் நகத்தால் சுரண்டினால் வந்தது. ஒரே செட்டில் இரண்டு மட்டைகளின் எடை கைக்கே வித்தியாசமாகத் தெரிந்தது. பழையது வாங்கினாலும் ஆளைப் பார்த்து, மட்டையைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். தலையை ஒரு கையிலும் ஷாஃப்டை மறு கையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், துளிகூட அசையக் கூடாது. பிள்ளைகளை எப்போதும் தூரத்தில் நிறுத்துங்கள், மட்டை அசலாக இருந்தாலும்.

பனிக்காலை, நுவரெலியா

மூடுபனி அக்கா, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே போதும். உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்துபோய் என் ஐந்து மட்டைகளையும் முறுக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

பழைய மட்டையின் கிரிப் வழுக்கினால் உடனே மாற்ற வேண்டாம் என்கிறார். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் காய விடுங்கள். பாதி கிரிப்புக்கு உயிர் வந்துவிடும். கண்ணாடி மாதிரி இறுகிப் போனதை மட்டும் மாற்றுங்கள். சப்பாத்து விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள், நம் ஈரச் சரிவில் பிளாஸ்டிக் முள் வைத்தது இல்லாமல் நிற்க முடியாது.

கொழுந்துமலைத் தங்கச்சி, உங்களுக்கும் ஹைபிரிட் ஒன்று ஒத்துவரும் என்று நினைக்கிறேன். என்னுடையதை ஞாயிறு காலை கொண்டுவருகிறேன், இருபது பந்து அடித்துப் பாருங்கள். அப்பாவும் வருகிறார். வரும்போது மணிக்கட்டிலிருந்து தரை வரை அளந்துகொண்டு வாருங்கள், அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.