எகிப்தின் சமூக அடுக்கில் கல்லறை வெட்டியவர்களுக்கு எந்த இடம்?

ஆறாம்வகுப்பு டீச்சர்
வணக்கம். அடுத்த வாரம் பண்டைய எகிப்து பாடம் எடுக்க வேண்டும். எங்கே பார்த்தாலும் அதே முக்கோணப் படம்தான்: உச்சியில் பாரோ, அப்புறம் அமைச்சர், பூசாரி, எழுத்தர், போர்வீரர், கைவினைஞர், விவசாயி, அடியில் அடிமை. இதை அப்படியே வரைய மனம் வரவில்லை. போன வருடம் ஒரு பையன், "ராஜா கல்லறையை வெட்டினவங்க அடிமைங்களா மிஸ்?" என்று கேட்டான். ஊர் பேரோடு சொல்ல ஓர் உதாரணம் கிடைக்குமா?

பதிவேட்டுக்காரர்
டெய்ர் எல்-மதீனாவைச் சொல்லுங்கள் டீச்சர். லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் உள்ள ஊர். மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை வெட்டி ஓவியம் தீட்டியவர்கள் குடும்பத்தோடு அங்கேதான் இருந்தார்கள். அடிமைகள் அல்ல, அரசுச் சம்பளக்காரர்கள். சம்பளம் தானியமாக வரும். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் 4 மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மேஸ்திரிக்கு ஐந்தரையும் இரண்டும். அவர்கள் மூட்டை சுமார் 76 லிட்டர். தண்ணீர் கொண்டுவர, துணி வெளுக்க, மீன் பிடிக்க அரசே ஆள் வைத்திருந்தது. வயலில் உழைத்தவனுக்கு இந்த வசதி ஏது?

நான் ஆலையில் வருகைப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். அதனாலோ என்னவோ, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் பலகை மேல் எனக்குத் தனிப் பிரியம். பாரோ இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவு அது. 40 பேரின் பெயர், வராத நாள், மேலே சிவப்பு மையில் காரணம். செபாவைத் தேள் கொட்டிவிட்டது. பென்னூபின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஹூய்நெஃபருக்குக் கண்ணில் கோளாறு. பீர் காய்ச்ச லீவு போட்டவர்களும் உண்டு.

மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில், கி.மு. 1157 வாக்கில், தானியம் வராமல் போனது. எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு, காவல் சுவர்களைத் தாண்டி, ஒரு கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். "பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, பாரோவுக்குத் தெரிவியுங்கள்" என்றார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வேலைநிறுத்தப் பதிவு இது. பாப்பிரஸ் என்ற கோரைத் தாளில் எழுதிய அது இத்தாலியின் டூரின் மியூசியத்தில் இருக்கிறது. எழுதியவர் அந்த ஊர் எழுத்தர் அமென்நாக்த்.

ஆறாம்வகுப்பு டீச்சர்
ரொம்ப நன்றி ஐயா. கைவினைஞர் ஒருவர் எழுத்தராக முடிந்ததா?

பதிவேட்டுக்காரர்
அமென்நாக்தே அப்படி வந்தவர்தான். முதலில் கல்லறைச் சுவரில் சித்திரம் வரைந்தவர். மூன்றாம் ராம்சேஸின் 16ஆம் ஆண்டில் தோ என்ற அமைச்சர் அவரை எழுத்தராக நியமித்தார். அதற்கப்புறம் தலைமுறை தலைமுறையாக அவர் வம்சமே அந்தப் பதவியில் இருந்தது. வழி இருந்தது, ஆனால் குறுகல்.

தறிவீட்டுப் பெண்
ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் அதைக் கேட்டு அடிமைக் கட்டத்தை அழித்துவிடாதீர்கள் டீச்சர். அதே டெய்ர் எல்-மதீனாவில் மாவரைக்க அரசு அடிமைப் பெண்களைக் கொடுத்திருந்தது. வீட்டுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து அவர்களை வேலை வாங்கினார்கள்.

இன்னொரு பாப்பிரஸ் கெய்ரோவில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 15ஆம் ஆண்டில் இரிநெஃப்ரெத் என்பவள் ஒரு வியாபாரியிடம் சிரியாக்காரச் சிறுமி ஒருத்தியை வாங்கினாள். விலை 4 தெபெனுக்குச் சற்று மேல், அதாவது 370 கிராம் போல வெள்ளி. அதை வெள்ளியாகத் தராமல் துணி, வெண்கலப் பாத்திரம், தேன் என்று கொடுத்தாள். வாங்கியவள் அரச குடும்பமும் இல்லை, ஓர் அதிகாரியின் மனைவி. பின்னால் இது வழக்காகப் போனது. விலையாகக் கொடுத்த பொருளில் வேறொருத்தியின் சொத்தும் இருந்தது என்பதுதான் புகார். சிறுமியை விற்றது தப்பு என்று யாரும் வழக்குப் போடவில்லை. பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்.