துணி சோப்பு ஏன் உதிருது? (குடும்பக் குழு, கடலூர்–பாண்டி)

அண்ணி: மாமா, தேங்காய் எண்ணெய்ல துணி சோப்பு ஊத்தினோம். வெட்டுறப்போ ஓரமெல்லாம் உதிருது. காரம் கூடிடுச்சா?

பெரியப்பா: என்ன அளவும்மா? எப்போ வெட்டினீங்க?

அண்ணி: 1 கிலோ எண்ணெய், 180 கிராம் காஸ்டிக் சோடா (சோப்புக்குப் போடுற காரம்), 400 மில்லி தண்ணி. மறுநாள் சாயங்காலம் வெட்டினோம்.

பெரியப்பா: அளவு சரி. 183 கிராம் வரைக்கும் தேங்காய் எண்ணெய் வாங்கிக்கும். நேரம்தான் தப்பிடுச்சு. இந்த எண்ணெய் சீக்கிரம் இறுகிடும். விரலால அழுத்தினா லேசா பள்ளம் விழணும், அந்தப் பதத்துல, 6–8 மணி நேரத்துக்குள்ள வெட்டிடணும். இறுகிட்டா கத்தி பட்டதும் பிளந்துக்கும்.

பெரியப்பா: உதிர்ந்ததை வீசாதீங்க. 4 வாரம் காய வெச்சு, துருவி, சுடுதண்ணில கரைச்சுக்கலாம். இன்னொன்னு, வேப்பெண்ணெய் கலந்தா இதே 180 போடக் கூடாது. அதுக்கு கிலோவுக்கு சுமார் 137தான். மிஞ்சின காரம் கையை அரிச்சிடும்.

தம்பி: கடை சோப்புலயும் இதேதானா?

அத்தை பாண்டி: நீல பார்ல பெரும்பாலும் எண்ணெயே கிடையாதுடா. ஆசிட் ஸ்லரிதான், அதாவது அழுக்கு எடுக்கிற அமிலக் குழம்பு, பெட்ரோலியத்துலேர்ந்து வர்றது. அதோட அமிலத்தை சோடா ஆஷ் (ஈரமில்லாத வாஷிங் சோடா) போட்டு முறிச்சு, கால்சைட்னு ஒரு கல்லுத் தூள் சேர்த்துப் பிசைஞ்சு அச்சுல தள்றாங்க. 1 கிலோ ஸ்லரியை முறிக்க சுமார் 170 கிராம் சோடா வேணும். நடைமுறைல கூடவே போடுவாங்க.

பெரியப்பா: அந்தக் காலத்துல துணி வெளுத்த உவர்மண்லயும் இருந்தது இந்த சோடாதான். அதை நீத்த சுண்ணாம்போட கரைச்சுத் தெளிய விட்டா, மேல நிக்கிறது காஸ்டிக் தண்ணி. அதுல எண்ணெய் சேர்த்துக் காய்ச்சினா சவுக்காரம். பின்னாடி எண்ணெய் விலை ஏற ஏற சிலிகேட், மாவுக்கல் தூள்னு சேர்ந்துடுச்சு. சிலிகேட் கொஞ்சம் இருக்கலாம், பாரை இறுக்கும். மாவுக்கல் வெறும் எடைக்குத்தான். துணிக்கு அதனால ஒரு பைசா பிரயோஜனம் இல்ல.

அண்ணி: அப்போ எண்ணெய் சோப்புதான் நல்லதா மாமா?

அத்தை பாண்டி: அண்ணன் சொல்றது சரி, ஆனா போர் தண்ணியைப் பாரும்மா. கடினத் தண்ணில இருக்கிற கால்சியம் சோப்போட சேர்ந்து தயிர்த் திப்பி மாதிரி திரியும். வெள்ளைச் சட்டை காலர்ல சாம்பல் கோடா படியும். ஸ்லரி அவ்வளவு திரியாது.

அண்ணி: வழி இல்லையா அத்தை?

அத்தை பாண்டி: இருக்கே. ஒரு வாளித் தண்ணில முதல்ல 2 ஸ்பூன் வாஷிங் சோடா கரைச்சு, 10 நிமிஷம் விடு. கலங்கி அடில படிஞ்சதும் மேல் தண்ணியை மட்டும் இறுத்து, அதுல சோப்புப் போடு.

தம்பி: குழம்புக் கறைல சோப்பு பட்டா சிவக்குதே?

பெரியப்பா: குழம்புல இருக்கிற மஞ்சள் சோப்போட காரம் பட்டா சிவக்கும்பா, புதுசா சாயம் ஒட்டுறது இல்ல. அலசினா திரும்ப மஞ்சளாயிடும். ஈரத்தோட வெயில்ல போடு, வெளுத்துடும்.

அண்ணி: சரி மாமா. அடுத்த தடவை காலைல ஊத்தி, சாயங்காலமே வெட்டிடுறேன்.