கையால் செய்த கேபினெட்: செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

தாம்பரம்

நானே பிளைவுட்டில் செய்த கேபினெட்டில் என் கணினி ஓடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. இதற்கு முன் செய்த ஒன்றைக் கைவிட்டேன், இதையும் இரண்டு முறை பிரித்துச் சேர்த்தேன். எங்கே தவறியது, எப்படிச் சரியானது என்று எழுதுகிறேன். வீட்டில் கேபினெட் செய்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து சொல்லித் தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

உள்ளே இருப்பது மினி ஐ.டி.எக்ஸ். என்கிற சின்ன அளவு மதர்போர்டு, ரைசன் 5 5600ஜி பிராசசர், எஸ்.எஃப்.எக்ஸ். என்கிற சின்ன அளவில் ஒரு எஸ்.எம்.பி.எஸ். (பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி), தகவல் சேமிக்க ஒரு எஸ்.எஸ்.டி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போர்டு 170 மி.மீ. சதுரம். எஸ்.எம்.பி.எஸ். 125 × 100 × 63.5 மி.மீ. இவை அடங்கக்கூடிய மிகச் சின்னப் பெட்டி எது என்று தாளில் வரைந்து, எட்டு லிட்டரில் முடித்துவிட்டேன். அங்கேதான் முதல் தவறு. பாகங்களை அளந்தேன், ஒயரை அளக்கவில்லை. மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிள் விரல் தடிமன் இருக்கும். பிளக்கை விட்டு வெளியே வந்த உடனே மடங்காது. மூடி ஒன்றரை சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினால் போர்டு வளைந்தது. அதோடு அந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டேன்.

அடுத்த தடவை மரத்தைத் தொடவே இல்லை. கூரியரில் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, எல்லாவற்றையும் ஒயரோடு உள்ளே வைத்து, ஒவ்வொரு பிளக்கையும் கையை விட்டு மாட்டிக் கழற்றிப் பார்த்தேன். பிளக்குக்கு மேலே நான்கு சென்டிமீட்டராவது காலி இடம் வேண்டும், இரண்டு விரல் நுழைய வேண்டும். உள்ளளவு 26 × 23 × 20 செ.மீ. என்று முடிவானது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 12 லிட்டர். கூடுதலான அந்த நான்கு லிட்டரும் ஒயருக்கும் கைக்கும்தான் போயிருக்கிறது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு பலகை மிச்சமாகியிருக்கும்.

பிறகு பின்பக்கம். இது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மரத்தில் செய்கிறவர்கள் பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். யூ.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. எல்லாம் வெளியே தெரிகிற செவ்வகத் திறப்பு 158.75 × 44.45 மி.மீ. எந்த போர்டாக இருந்தாலும் இதே அளவு. நான் 12 மி.மீ. பிளைவுட்டில் அதைச் சுத்தமாக வெட்டினேன். வெட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, போர்டோடு வருகிற தகட்டு மறைப்பு சுமார் ஒரு மி.மீ. தடிமன் தகரத்தில் கவ்வும்படி செய்யப்பட்டது. பலகையில் கவ்வ வழியில்லை. அது இல்லாமல் வைத்தாலும், பிளக் செருகும் போர்ட்டுகள் பலகைக்கு உள்ளே பதுங்கிவிட்டதால் எச்.டி.எம்.ஐ. பிளக் முழுதாக ஏறவில்லை.

சரி என்று காயலான் கடைக்குப் போனேன். ஒரு பழைய தகரக் கேபினெட்டை எடை போட்டுக் கொடுத்தார்கள். அதில் போர்டு உட்காரும் தட்டையும் அதோடு சேர்ந்த பின்பக்கத்தையும் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே துண்டாக ஆக்ஸா பிளேடால் அறுத்து எடுத்தேன். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் தொழிற்சாலையில் சரியாக வைத்தது. பிரித்துவிட்டால் கையால் அதைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். பெரிய ஏ.டி.எக்ஸ். கேபினெட்டாக இருந்தாலும் பரவாயில்லை, மினி ஐ.டி.எக்ஸ். போர்டின் நான்கு திருகுத் துளைகளும் அதே தட்டில் பொருந்தும். அந்த நான்கும் பார்வைக்குச் செவ்வகம் போல இருக்கும், ஆனால் ஒன்று மட்டும் சுமார் 23 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஸ்கேல் வைத்துக் குறித்து நீங்களே துளை போடப் போகிறீர்கள் என்றால் இதை மறக்காதீர்கள். அறுத்த விளிம்புகளை அரத்தால் ராவி, தூளை ஈரத்துணியால் துடைத்த பிறகே போர்டை அருகில் கொண்டுவாருங்கள். ஒரு இரும்புத் துகள் போதும் ஷார்ட் ஆக.

மரவேலையில் சொல்ல அதிகம் இல்லை. மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஃபெவிகால் தடவி, கிளாம்ப் இல்லாததால் கயிறு கட்டி முறுக்கி ஒரு நாள் விட்டேன். மூடியை அடிக்கடி திறக்க வேண்டியிருப்பதால் மரத்திருகு போடவில்லை. நான்கைந்து முறை கழற்றினாலே பிளைவுட்டில் பிடிப்புப் போய்விடும். பித்தளை மரை பதித்து, மரையாணி போட்டேன்.

வட்டத் துளைதான் திண்டாட வைத்தது. 120 மி.மீ. ஃபேனுக்கு நான்கரை அங்குலம் சுமாருக்கு ஓட்டை வேண்டும், திருகுத் துளைகள் 105 மி.மீ. இடைவெளியில். ஜிக்சாவில் வெட்டினால் கோணலாகிறது. தெருமுனையில் ஸ்பீக்கர் பாக்ஸ் அடிக்கிற கடை இருக்கிறது, அங்கே கொண்டுபோனேன். பலகை, வட்ட ஓட்டை, உள்ளே ஒயர், மூன்றும் அவர்களுக்கு அன்றாடம். ஐந்து நிமிடத்தில் அச்சடித்த மாதிரி வெட்டிக் கொடுத்தார். “தம்பி, வெளியே தள்ளுகிற காற்று எங்கேயிருந்து உள்ளே வரும்?” என்று அவர்தான் கேட்டார். நான் அதை யோசித்திருக்கவே இல்லை.

மே மாதத்தில் அந்தக் கேள்வியின் அருமை புரிந்தது. அறையிலேயே 37 டிகிரி. வீடியோ ரெண்டர் போட்டால் பிராசசர் 94 டிகிரிக்குப் போனது. இந்தச் சிப்புக்கு உச்சவரம்பு 95, அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தகரக் கேபினெட்டில் சுவர் வழியாகவும் கொஞ்சம் சூடு வெளியேறும், மரம் அப்படி விடாது. காற்று மட்டுமே வழி. அடிப்பலகையில் நீளவாட்டில் ஏழு பிளவு வெட்டி, மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் ரப்பர் கால் வைத்தேன். அதே வேலை, அதே அறை, 79 டிகிரி. பிளவுகளின் மேல் நைலான் கொசுவலை ஒட்டியிருக்கிறேன். வாரம் ஒரு முறை தூசி தட்டாவிட்டால் நான்கைந்து டிகிரி ஏறிவிடுகிறது.

மரப்பெட்டியில் கம்ப்யூட்டரா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். 1976-இல் ஆப்பிளின் முதல் கணினி 666.66 டாலருக்கு வெறும் போர்டாகத்தான் விற்கப்பட்டது, கீபோர்டும் பெட்டியும் வாங்கியவர் பொறுப்பு. பலர் மரத்தில் செய்துகொண்டார்கள். அப்படி மரப்பெட்டியோடு உள்ள ஒன்றை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் படத்தை என் மாமாவிடம் காட்டினேன். அவர் தச்சு வேலை செய்தவர். மூலை இணைப்பைத்தான் முதலில் பார்த்தார்.

திருச்சி

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. நாங்கள் பெட்டி செய்யவில்லை, இருந்த பெட்டியைக் கேபினெட் ஆக்கினோம். எண்பதுகளில் வாங்கிய ஷட்டர் டிவி பலருக்கும் நினைவிருக்கும். சாலிடேர், டயனோரா என்று சென்னைக் கம்பெனிகள் செய்த கறுப்பு வெள்ளை டிவி, முன்னால் இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரச்சட்டக் கதவு. டிவி ஓய்ந்து பல வருடம் ஆகியும் அம்மா அதைத் தூக்கிப் போட விடவில்லை. பிக்சர் டியூபை மட்டும் டிவி மெக்கானிக்கை வரச்சொல்லிக் கழற்றினோம். கரண்ட் இல்லாமல் கிடந்தாலும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கலாம், உடைந்தால் கண்ணாடி தெறிக்கும். அதை நீங்களாகச் செய்யாதீர்கள்.

உள்ளே இடத்துக்குப் பஞ்சமே இல்லை. 244 மி.மீ. சதுர மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு வைத்தும் கை தாராளமாகப் போகிறது. பின்பக்கத்து ஹார்ட்போர்டில் டிவிக்காகவே காற்றுத் துளைகள் இருந்தன. என் ஆசையெல்லாம் முன்னால் இருந்த ஆன் ஆஃப் சுவிட்ச் மீதுதான். சின்ன வயதில் அப்பா தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. அதிலேயே கணினி ஆன் ஆக வேண்டும் என்று மதர்போர்டின் பவர் பின் இரண்டையும் அதில் இணைத்தேன்.

அழுத்தினேன், ஆன் ஆனது. நான்கு எண்ணுவதற்குள் அணைந்துவிட்டது. திரும்பவும் அப்படியே. எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று நினைத்து, தெரிந்தவர் வீட்டிலிருந்து இன்னொன்று வாங்கி வந்து மாட்டியும் அதே கதை. இரண்டு நாள் தூக்கம் இல்லை. கடைசியில் தம்பி போனில் கேட்டான், “அக்கா, அந்த சுவிட்ச் அழுத்தினா உள்ளேயே நிக்குமா, வெளிய வந்துருமா?” டிவி சுவிட்ச் உள்ளேயே நிற்கும். கணினிக்கு வேண்டியது, விரலை எடுத்ததும் வெளியே வந்துவிடுகிற சுவிட்ச். பவர் பின்கள் நான்கு விநாடி தொடர்ந்து சேர்ந்திருந்தால், யாரோ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு போர்டு தானே அணைத்துவிடும். எலக்ட்ரிகல் கடையில் காலிங் பெல் சுவிட்ச் ஒன்று வாங்கி, பழைய குமிழுக்குப் பின்னால் அது அமுங்கும்படி வைத்தோம். இப்போது அப்பாவே வந்து ஆன் செய்துவிட்டுப் போகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா பக்கத்து மேசையில் திருச்சி வானொலி கேட்பார். கணினி ஓடினால் மீடியம் வேவில் கரகரவென்று இரைச்சல். தகரக் கேபினெட் இந்த மாதிரி அலைகளைத் தடுத்து நிறுத்துகிறது, மரம் தடுக்காது. உள்சுவரில் மெல்லிய அலுமினியத் தகடு அடித்து அதை எஸ்.எம்.பி.எஸ். உடலோடு ஒயரில் சேர்த்தேன். பாதி குறைந்தது. மீதி கரண்ட் ஒயர் வழியாக வருகிறது போல. ரேடியோவை அறையின் மறுகோடிக்கு, வேறு பிளக்குக்கு மாற்றியதும் கேட்கும்படி ஆனது. சமையலறை ஃபாயில் பேப்பரை ஒட்டாதீர்கள், கிழிந்து போர்டில் விழும்.

கோவை

தாம்பரம் அண்ணா எழுதியதில் காயலான் கடை யோசனையை எடுத்துக்கொள்கிறேன். நான் ஏ.சி.பி. ஷீட்டில் செய்தேன். கடைப் பெயர்ப்பலகைக்கு அடிக்கிறார்களே, அதேதான். இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக். பலகை செய்கிற இடத்தில் வெட்டி எறிந்த துண்டுகள் சும்மாவே கிடைத்தன. பின்பக்கத் தகட்டையும் நடுப் பிளாஸ்டிக்கையும் ‘வி’ வடிவில் சீவி, முன்பக்கத் தகட்டையும் அதை ஒட்டி மெல்லிய பிளாஸ்டிக் படலத்தையும் மட்டும் விட்டுவைத்தால் கையாலேயே நேர்கோட்டில் மடங்கும். மூலைகளில் அலுமினியம் எல் ஆங்கிள், பாப் ரிவெட். பார்க்கக் கடையில் வாங்கினது போலவே இருந்தது. நடுவில் இருப்பது பாலிதீன், தீப்பிடிக்கக்கூடியது. அதனால் எஸ்.எம்.பி.எஸ். உட்காரும் பக்கத்தை மட்டும் தனி அலுமினியத் தகட்டில் செய்தேன்.

வெறுங்காலோடு உட்கார்ந்து வேலை செய்யும்போது முழங்கை கேபினெட் விளிம்பில் பட்டால் சுர்ரென்று எறும்பு கடித்த மாதிரி இருந்தது. டெஸ்டர் வைத்தால் எரிந்தது. ஒயர் எங்கோ தகட்டில் உரசுகிறது என்று நினைத்து முழுவதையும் பிரித்தேன். ஒன்றும் இல்லை. மல்டிமீட்டரில் கேபினெட்டுக்கும் தோட்டத்து எர்த் கம்பிக்கும் நடுவே பார்த்தால் 110 வோல்ட் சொச்சம்.

விளக்கம் இதுதான். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே மின் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் அதன் உடலுக்கு ஒவ்வொரு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். எர்த் இருந்தால் அதில் கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடல் 230-இல் பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆனால் தொட்டால் தெரியும். எங்கள் வீட்டு பிளக்கில் மூன்றாவது துளை இருந்தது, அதற்குப் பின்னால் ஒயரே இல்லை. பெயின்ட் பூசிய பழைய தகரக் கேபினெட்டில் இத்தனை வருடம் அது உறைக்கவில்லை, பெயின்ட் இல்லாத அலுமினிய விளிம்பு காட்டிக்கொடுத்தது.

எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் ஒயர் இழுத்தேன். அப்புறமும் ஒரு பக்கத்தில் லேசாக உறுத்தியது. ஏ.சி.பி.-யில் வெளித்தகடும் உள்தகடும் நடுப் பிளாஸ்டிக்கால் பிரிந்து கிடக்கின்றன, ஒன்றுக்கு எர்த் கிடைத்தால் மற்றதற்குக் கிடைத்ததாக அர்த்தமில்லை. இரண்டிலும் பூச்சைச் சுரண்டி, லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்துத் திருகி எஸ்.எம்.பி.எஸ். உடலோடு சேர்த்த பிறகு மீட்டரில் பூஜ்யம். உலோகத்தில் கேபினெட் செய்கிறவர்கள் தயவுசெய்து ஓட்டுவதற்கு முன்னாலேயே வீட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள். சுர்ரென்றால் ‘சின்ன ஷாக்தானே’ என்று விட வேண்டாம், நிஜமான கோளாறும் தொடக்கத்தில் அப்படித்தான் தெரியும்.

நாகர்கோவில்

சின்னதாக ஒன்று. நான் செய்த மரக் கேபினெட்டில் கார்டு போடும் இடம் ஒன்றைத் திறந்தே விட்டிருந்தேன். மழைக்காலத்தில் உள்ளே கதகதப்பு தேடிப் பல்லிக்குட்டி போயிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். டப்பென்று வெடித்த சத்தத்தில்தான் தெரிந்தது. பென்சில் நுழைகிற இடைவெளி இருந்தாலே போதும் அதற்கு. நைலான் வலை சூட்டில் தளர்கிறது, ஜன்னலுக்கு அடிக்கிற ஸ்டீல் வலை நல்லது. ஒரே கவனம், வலையின் கம்பி நுனி போர்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

தாம்பரம்

கோவைத் தம்பி எழுதியதைப் படித்த கையோடு மீட்டரை எடுத்தேன். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 228, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2 வோல்ட். வீட்டில் எர்த் இருக்கிறது. ஆனால் என் பெட்டியில் எஸ்.எம்.பி.எஸ். மரத்தில் திருகப்பட்டிருக்கிறது, போர்டுத் தட்டு தனியாக நிற்கிறது. இரண்டுக்கும் போர்டு வழியாக மட்டும்தான் தொடர்பு. இன்று பச்சை ஒயர் ஒன்றை நேராக இழுத்துத் திருகிவிட்டேன். அடிப்பலகையில் கொசுவலையை எடுத்துவிட்டு ஸ்டீல் வலை போட வேண்டும், அது ஞாயிற்றுக்கிழமை.

தம்பி, ஏ.சி.பி.-யில் அந்த ‘வி’ பள்ளத்தை எதை வைத்துச் சீவினீர்கள்? நான் ஒரு துண்டு வாங்கி வந்து ஸ்கேலும் கத்தியும் வைத்து முயன்றேன், மடக்கும்போது முன்பக்கத் தகடு வெடித்துவிட்டது.