பதநீரில் வந்த கொழகொழப்பு: புது பயோபாலிமரா?

கலயம்22:
எம்.எஸ்சி. நுண்ணுயிரியல், கடைசி வருடம். சுண்ணாம்பு சரியாகத் தடவாத கலயத்துப் பதநீர் கொழகொழத்துக் கிடந்தது. கொஞ்சம் எடுத்து வந்து சர்க்கரை போட்ட அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்) இழுத்தேன். குச்சியால் தொட்டால் நூலாக நீளும் காலனிகள். ஆல்கஹால் ஊற்றினால் வெள்ளையாகத் திரள்கிறது. இது புது பயோபாலிமராக (உயிரிகள் செய்யும் நீண்ட சங்கிலி மூலக்கூறு) இருக்க வாய்ப்பு உண்டா?

பழையலேப்காரி:
தம்பி, பெரும்பாலும் டெக்ஸ்ட்ரான், அதாவது பாக்டீரியா கோக்கும் குளுக்கோஸ் சங்கிலி. இனிப்பான பானம் நூல்விட்டால் என் முதல் சந்தேகம் லியூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா மேல்தான்.

அதே வளர்ப்பு மீடியாவில் சுக்ரோஸை (நாம் போடும் சர்க்கரை) எடுத்துவிட்டு குளுக்கோஸ் போடுங்கள். கொழகொழப்பு வராவிட்டால், செல்லுக்கு வெளியே சுக்ரோஸைப் பிளந்து, அந்த ஆற்றலிலேயே சங்கிலி கோக்கும் நொதியின் வேலை அது. அப்புறம் அமிலத்தில் சிதைத்து டிஎல்சி (எந்தச் சர்க்கரை என்று பிரித்துக் காட்டும் சோதனை) ஓட்டுங்கள். குளுக்கோஸ் மட்டும் என்றால் டெக்ஸ்ட்ரான் குடும்பம், ஃப்ரக்டோஸ் என்றால் லெவான். லெவானுக்கு மிதமான அமிலமே போதும். வலுவான அமிலத்தில் கொதிக்கவிட்டால் ஃப்ரக்டோஸே கெட்டுவிடும். குளுக்கோஸிலும் கொழகொழத்தால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள், அதுதான் சுவாரசியம்.

பழசு என்றால் இளப்பமில்லை. அமெரிக்காவில் பியோரியா ஊர் அரசு ஆய்வகத்தில் அலீன் ஜீன்ஸ் கையில் கிடைத்ததும் இப்படிக் கொழகொழத்த ரூட் பீர் என்ற இனிப்புக் குளிர்பானம்தான். அதிலிருந்து வந்த டெக்ஸ்ட்ரான் கொரியப் போரில் ரத்தப் பிளாஸ்மாவுக்கு மாற்றாக ஏறியது. அதே ஆய்வகம் சேமித்து வைத்திருந்த பாக்டீரியாக்களைத் துழாவியபோது, முட்டைக்கோசைக் கருக வைக்கும் சாந்தோமோனாஸிடம் சாந்தன் என்ற கெட்டியாக்கும் பசை சிக்கியது. 1969இல் உணவில் சேர்க்க அனுமதி. கலக்கினால் இளகும், விட்டால் கெட்டிப்படும், உப்புக்கும் சூட்டுக்கும் அசையாது. சாலட் சாஸுக்கும் எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக்கும் அதைக் கொண்டுபோனது அந்தக் குணம். 'புதுசா' என்று கேட்பதற்கு முன் 'என்ன செய்கிறது' என்று கேளுங்கள். ஜெல்லான் என்ற ஜெல்லும் அப்படித்தான்: பென்சில்வேனியாவில் ஒரு குளத்துச் செடியில் இருந்த பாக்டீரியா தந்தது. அகார் இளகிப்போகும் சூட்டிலும் நிற்பதால் வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாக்களை இன்று அதில் வளர்க்கிறார்கள்.

நைல்சிவப்பு:
அக்கா, கொழகொழப்பை மட்டுமே தேடினால் பாதி கை நழுவிவிடும். 1926இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் லெமுவான் கண்ட பிஎச்பி (பாக்டீரியா சேமித்து வைக்கும் ஒரு பிளாஸ்டிக்), பேசில்லஸ் மெகாடீரியத்தின் செல்லுக்குள்ளே மணிமணியாக இருந்தது. பிளேட்டில் பார்த்தால் சாதாரணக் காலனி. சூடான் பிளாக் என்ற சாயம் போட்டால்தான் தெரியும்.

பழையலேப்காரி:
சரிதான். ஆனால் பிஎச்பிக்குக் கண்டுபிடிப்பு என்றைக்குமே பிரச்சினையாக இருந்ததில்லை. பெட்ரோலிய பிளாஸ்டிக்கின் விலைக்கு முன்னால் நிற்கத்தான் முடியவில்லை.

கலயம்22:
குளுக்கோஸ் பிளேட் ஊற்றிவிட்டேன் அக்கா. ஆனால் பாகுத்தன்மை பார்க்க எங்கள் துறையில் கருவி இல்லை.

பழையலேப்காரி:
கெமிக்கல் இன்ஜினியரிங் துறையில் ரியோமீட்டர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். உப்புக்கு அசைகிறதா என்று பார்க்க, உப்பு போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. இரண்டு மாதிரியும் கொண்டுபோங்கள்.