மதுரையிலிருந்து தெற்கு வானம்: எங்கே நிற்கணும், எப்போது பார்க்கணும்

(பேசுகிறவர்களை அவரவர் ஊர், பேட்டைப் பெயரால் குறித்திருக்கிறது.)

நாகமலை

தென்சிலுவை, அதாவது தெற்கு வானத்தில் சிலுவை மாதிரி நிற்கிற நாலு நட்சத்திரம், பார்க்கிறோம் என்று ஆள் சேர்த்துக்கொண்டு அழகர்கோவில் பக்கம் வண்டியை விடுகிறவர்கள் நிறைய. இருட்டு கிடைக்கும், உண்மைதான். ஆனால் அழகர்மலை ஊருக்கு வடக்கே இருபது கிலோமீட்டர். அங்கே நின்று தெற்கே திரும்பினால் மதுரையின் மொத்த வெளிச்சமும் அடிவானத்தில் மஞ்சளாகப் படுத்திருக்கும். தென்சிலுவை ஏறுவது அதே மஞ்சளுக்குள்தான். ஒத்தக்கடை, மேலூர் ரோடு எல்லாம் இதே கதை.

தெற்கு வானத்துக்கு ஊரை முதுகுக்குப் பின்னால் விட வேண்டும். திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி பக்கம், இல்லையென்றால் டி.கல்லுப்பட்டி ரோடு, காரியாபட்டி பக்கம். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரம் பரவாயில்லை. ஊர் வெளிச்சம் கிழக்கிலும் வடகிழக்கிலும் ஒதுங்கிவிடும். மலை மேலே ராத்திரியில் ஏற வேண்டாம், தேவையும் இல்லை. மலை உங்களுக்கு வடக்கே இருக்கிற மாதிரி நின்றுகொண்டால் தெற்கு திறந்து கிடக்கும்.

கணக்கு இது. மதுரை அட்சரேகை 9.9 டிகிரி. சிலுவையின் அடியில் இருக்கிற ஏக்ரக்ஸ் அதிகபட்சம் 17 டிகிரி உயரம் வரும், தலையில் இருக்கிற கேக்ரக்ஸ் 23 டிகிரி. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் பத்து டிகிரி. ஆக, அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டிக்குள் ஆட்டம் முடிந்துவிடும். டில்லிக்காரர்களுக்கு ஏக்ரக்ஸ் எழுவதே கிடையாது, அந்த மட்டில் நமக்கு யோகம்தான். ஆனால் 17 டிகிரியில் வருகிற வெளிச்சம், உச்சியிலிருந்து வருவதைப்போல மூன்று மடங்குக்கு மேல் காற்றைக் கடந்து வருகிறது. புழுதியோ, வயலில் தட்டை கொளுத்திய புகையோ இருந்தால் முதலில் காணாமல் போவது சிலுவையின் நாலாவது நட்சத்திரம். அதன் பிரகாச எண் 2.8, இந்த எண் கூடக் கூட மங்கல் என்று அர்த்தம்.

செல்லூர்

மாசம் எது என்றும் சொல்லிவிடுங்கள் அண்ணே. இணையத்தில் எல்லாரும் மே மாதம் என்கிறார்கள், மே மாதம் சாயங்காலமானால் இங்கே இடி மழை.

நாகமலை

மே மாதம் என்பது சாயங்காலம் மட்டும் பார்க்கிறவர்களுக்குச் சொன்ன கணக்கு. நட்சத்திரம் ஒரு நாளைக்கு 4 நிமிடம், மாதத்துக்கு 2 மணி நேரம் முந்தி வரும். சிலுவை தெற்கில் நேராக நிமிர்ந்து நிற்கிற நேரம் ஜனவரி 15-ல் விடியற்காலை 5 மணியை ஒட்டி. பிப்ரவரி நடுவில் 3, மார்ச் நடுவில் 1, ஏப்ரல் நடுவில் இரவு 11, மே நடுவில் 9. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

அந்த ஜனவரி 15-ஐக் கவனியுங்கள். பொங்கலன்று வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரத்தில் சிலுவை தெற்கே நிற்கிறது! வானம் வெளுக்க இன்னும் இருபது நிமிடமாவது இருக்கும். தெற்குப் பார்த்த வாசல், எதிரே மாடி வீடு இல்லை, தெருவிளக்கு கண்ணில் அடிக்கவில்லை என்றால் வீட்டைவிட்டு நகரவே வேண்டாம். மார்கழி முதல் தேதி அதே 5 மணிக்கு, ஸ்பீக்கரில் திருப்பாவை ஆரம்பிக்கும்போது பார்த்தால், தெற்குக்குச் சற்றே கிழக்கே இடது பக்கம் சாய்ந்து கிடக்கும். மாதம் போகப் போக நிமிரும். நிமிர்ந்த நேரத்துக்கு இரண்டரை மணி முன்னும் பின்னும் பார்க்கிற உயரத்தில்தான் இருக்கும், அதனால் நிமிடக் கணக்குக்குப் பதற வேண்டாம்.

வில்லாபுரம்

தப்பாக அடையாளம் காண்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மார்ச் கடைசியில் இரவு 9 மணிக்குத் தெற்கே இன்னொரு சிலுவை நிற்கும். அது போலிச் சிலுவை. அதைப் படமெடுத்து ‘தென்சிலுவை கிடைத்துவிட்டது’ என்று போடுகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. போலி பெரியது, நாலு நட்சத்திரமும் ஏறக்குறைய ஒரே மங்கல். அசல் சின்னது. தலைக்கும் அடிக்கும் 6 டிகிரி, நீட்டிய கையின் நடு மூன்று விரல் மறைப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நாலும் நாலு பிரகாசம், அடி நட்சத்திரம் பளிச்சென்று, தலை நட்சத்திரம் செம்மஞ்சள். கண்ணுக்கு நிறம் பிடிபடாவிட்டால் பைனாகுலரை வேண்டுமென்றே கொஞ்சம் ஃபோகஸ் தவறவிட்டுப் பாருங்கள், புள்ளி வட்டமாக விரிந்து நிறம் தெரியும்.

கடைசிச் சோதனை காவல்காரர்கள் இரண்டு பேர். ஆல்ஃபா சென்டாரி, பீட்டா சென்டாரி இரண்டும் சிலுவைக்கு இடது பக்கம் பிரகாசமாக நிற்க வேண்டும். போலிக்கு அந்தத் துணை இல்லை.

தேட ஆரம்பிக்க வேண்டியது அடிவானத்தில் அல்ல, மேலே. அஸ்த நட்சத்திரக் கூட்டம் கோணல் சதுரமாக 60 டிகிரி உயரத்தில் நிற்கும். அதிலிருந்து நேர் கீழே நாலு முஷ்டி இறங்கினால் சிலுவை. அஸ்தத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒன்று தெரிவது சித்திரை. சித்ரா பௌர்ணமியன்று முழுநிலா அதையொட்டித்தான் நிற்கும். அழகருக்காக ராத்திரி முழுக்க வைகைக் கரையில் விழித்துக் கிடக்கிறவர்கள், வடகரையில் இருந்தால், பதினொரு மணி வாக்கில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். நிலா வெளிச்சத்தில் நாலாவது நட்சத்திரம் அடிபட்டுப் போகும், மற்ற மூன்றும் தாங்கும். சீரியல் செட்டு பல்புக்கு நடுவில் கண்டுபிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

செல்லூர்

அதே சித்திரையில் நிழல் இல்லா நாளும், அதாவது சூரியன் நேர் உச்சியில் நின்று நிழல் அடியிலேயே ஒடுங்குகிற நாளும், வருகிறது இல்லையா? போன வருஷம் எங்கள் தெருப் பிள்ளைகள் மாடியில் டம்ளர் வைத்துப் பார்த்தார்கள், நிழல் போகவே இல்லை.

திருப்பரங்குன்றம்

டம்ளரால்தான் போகவில்லை. வீட்டு டம்ளர் வாய் அகன்று அடி குறுகி இருக்கும், சூரியன் உச்சியில் நின்றாலும் விளிம்பு நிழல் அடியைச் சுற்றி விழத்தான் செய்யும். மேலும் கீழும் ஒரே அகலமான பொருள் வேண்டும், ஒரு முழ நீளம் பி.வி.சி. பைப் போதும்.

அடுத்த தப்பு மாடி. மழைத்தண்ணீர் வடிய கொத்தனார் தளத்துக்கு வாட்டம் விட்டிருப்பார். பத்தடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம் என்றாலே அரை டிகிரி சாய்வு. சூரியன் ஒரு நாளில் வடக்கே நகர்வது 0.36 டிகிரிதான். ஆகத் தளத்தின் சாய்வே ஒரு நாளுக்கு மேல் கணக்கைக் கெடுத்துவிடும். ஒரு பலகையைப் போட்டு, கீழே அட்டை சொருகி, ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் சமம் பார்த்துவிட்டுப் பைப்பை நிறுத்துங்கள். ரசமட்டம் இல்லையா, பைப்பை விடுங்கள், கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலின் நிழல் குண்டின் நிழலுக்குள் ஒடுங்க வேண்டும். காற்று அடித்தால் குண்டு ஆடும். கீழே ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் குண்டை அதில் முக்கால்வாசி முங்கவிட்டால் ஆட்டம் நிற்கும்.

மதுரைக்கு நாள் ஏப்ரல் 15, 16-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 26, 27-ஐ ஒட்டியும். சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு மணிக்கு டம்ளர் வைத்தவர்கள் அங்கேயும் தப்புப் பண்ணியிருப்பார்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, மதுரை 78.1-ல் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் பதினேழரை நிமிடம் பிந்தித்தான் நமக்கு உச்சிப் பொழுது. ஏப்ரலில் 12:17, ஆகஸ்டில் 12:19. சரியான நேரத்துக்கு ஐந்து நிமிடம் தவறினால் சூரியன் ஒன்றேகால் டிகிரி நகர்ந்துவிடும், ஒரு மீட்டர் பைப்புக்கு இரண்டு சென்டிமீட்டர் நிழல் நீளும். நாள் தவறுவதைவிட நிமிடம் தவறுவது மோசம்.

கடிகாரத்தையும் நம்ப வேண்டாம் என்றால் ஸ்தபதிகள் திசை குறிக்கிற முறை இருக்கிறது. சமதரையில் 30 செ.மீ. குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதையே மையமாக வைத்து 45 செ.மீ. ஆரத்தில் கயிற்றால் வட்டம். காலையில் நிழல் சுருங்கி வரும்போது அதன் நுனி வட்டத்தைத் தொடுகிற இடத்தில் ஒரு ஆணி, மாலையில் நீண்டு போகும்போது தொடுகிற இடத்தில் ஒரு ஆணி. ஏப்ரல் நடுவில் இது 8:28-க்கும் 4:06-க்கும் நடக்கும், இரண்டுக்கும் நட்ட நடு 12:17. இரண்டு ஆணியையும் நூலால் இணைத்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாக வருகிற கோட்டை மாடியில் பெயின்ட்டால் போட்டுவைத்தால் சிலுவை தேடுகிறவர்களுக்கும் ஆகும். செல்போன் திசைகாட்டியை மாடியில் நம்பாதீர்கள், தளத்துக்குள் கம்பி ஓடுகிறது.

வில்லாபுரம்

இன்னொன்று. ஏப்ரல் 16-லிருந்து ஆகஸ்ட் 27 வரை மதுரையில் உச்சிப் பொழுது நிழல் தெற்கே விழும். ஜூன் 21-ல் ஒரு மீட்டர் குச்சிக்கு 24 செ.மீ. வடக்குச் சுவருக்கு வெயில் படாது என்று நம்பித் தண்ணீர் டேங்க் வைக்கிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளலாம். டிசம்பரில் அதே குச்சிக்கு வடக்கே 66 செ.மீ.

செல்லூர்

பைனாகுலர் வாங்கலாமா, எது?

நாகமலை

7×50 அல்லது 10×50. கை நடுங்கும் என்றால் 7. 20×, 30× என்று போட்டு விற்பதை ஸ்டாண்ட் இல்லாமல் பிடிக்கவே முடியாது, காசு வீண். டார்ச்சுக்குச் சிவப்பு ஜிகினாத்தாள் இரண்டு மடிப்புக் கட்டிக்கொள்ளுங்கள், நடக்கும்போது மட்டும் எடுத்துவிடுங்கள். வரப்பில் பாம்பு நடமாட்டம் உண்டு.

பைனாகுலரை வைத்து முதலில் பார்க்க வேண்டியது அகத்தியர் நட்சத்திரம் அல்ல. அது பிப்ரவரி இரண்டாம் வாரம் இரவு 9 மணிக்கு 27 டிகிரி உயரத்தில் வெறுங்கண்ணுக்கே கொழுத்துத் தெரியும், பைனாகுலரில் கூடுதலாக ஒன்றும் இல்லை. ஒமேகா சென்டாரியைப் பாருங்கள். காவல்காரர்களில் சிலுவைக்கு அருகில் இருப்பது பீட்டா. அதிலிருந்து மேலே சற்று வலப்புறமாக ஏழு டிகிரியில் எப்சிலான் சென்டாரி. அதே கோட்டை அதே தூரம் இன்னும் மேலே நீட்டினால் ஒரு நட்சத்திரம் தெளியாமல் மங்கலாக நிற்கும். எவ்வளவு ஃபோகஸ் திருகினாலும் புள்ளியாக ஒடுங்காது, விளிம்பு கரைந்த பஞ்சுப் பொட்டு மாதிரியே இருக்கும். ஒடுங்கவில்லை என்றால் சரியானதைத்தான் பிடித்திருக்கிறீர்கள். சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே கொத்து. மதுரையில் 32 டிகிரி வரை ஏறும், சிலுவையைவிட ஒரு மணி நேரம் பிந்தி.